டானிக் பாட்டிலுக்கு முன்னாடி தட்டைப் பாருங்க: குழந்தைக்கு விட்டமின் எது, எப்போ, எவ்ளோ

போன வாரம் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், கடையில நல்ல கூட்டம், ஒரு பொண்ணு மூணு வயசுப் பையனை இடுப்புல தூக்கிட்டு வந்து கட்டைப்பையில இருந்து ஒவ்வொரு பாட்டிலா எடுத்து கவுண்டர் மேல வெச்சாங்க. ஒரு மல்டிவிட்டமின் சிரப், ஒரு கால்சியம் சிரப், ஒரு டி3 டிராப்ஸ், மாமியார் வாங்கிக் குடுத்த மீன் ஈரல் எண்ணெய் ஒண்ணு. "யக்கா, இத்தினியும் குடுக்கறேன், இன்னும் புள்ள துன்னவே மாட்டேங்குது, வேற நல்ல டானிக்கா ஒண்ணு குடுக்கா"ன்னாங்க. நான் வண்ணாரப்பேட்டையில ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா 14 வருஷமா நிக்கறேன், இந்தக் கேள்வியைக் கேக்காத நாளே கிடையாது.

கூட்டம் குறையட்டும்னு அவங்களை உக்கார வெச்சு, நாலு பாட்டிலையும் திருப்பி லேபிளைப் படிச்சு பில் பேப்பர் பின்னாடி கணக்கு எழுதினேன். விட்டமின் டி மட்டும் எடுத்துக்குவோம். மல்டிவிட்டமின்ல 5 எம்எல்லுக்கு 400 யூனிட், லேபிள்ல IUன்னு போட்டிருக்கிறது அதுதான். டி3ங்கிறதும் விட்டமின் டிதான், அந்த டிராப்ஸ்ல 1 எம்எல்லுக்கு 800. கால்சியம் சிரப்ல 250, அதை ரெண்டு வேளை குடுக்கறாங்க, ஆச்சு 500. மீன் ஈரல் எண்ணெயில 200. மொத்தம் 1900. அந்த வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600. இதுக்கு மேல தினமும் போகக் கூடாதுன்னு 1 முதல் 3 வயசு வரைக்கும் சொல்ற எல்லை 2500. அதனால பையனுக்கு இப்போ ஆபத்து ஒண்ணும் இல்ல, அதை மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டேன், பாவம் முகமே மாறிடுச்சு. ஆனா தேவையை விட மூணு மடங்கு போயிட்டிருக்கு, இதுல அஞ்சாவதா ஒரு டானிக் நான் எடுத்துக் குடுத்திருந்தா எல்லைக்கிட்ட போய் நின்னிருக்கும். டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தா எழுதினது ஒரே ஒரு மல்டிவிட்டமின், அதுவும் ஒரு மாசத்துக்கு. அது ஓடுது அஞ்சு மாசமா.

இதுக்காகத்தான் இதை எழுதறேன். புள்ளைக்கு சத்து குடுக்கணும்னு நெனைக்கிற அம்மா அப்பா மேல எந்தத் தப்பும் இல்ல, விட்டமின்னா என்ன, அது எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் பொறுமையா உக்காந்து சொல்றது இல்ல, அவ்ளோதான்.

சோறு, பருப்பு, எண்ணெய் இதெல்லாம் உடம்புக்கு விறகு மாதிரி, செங்கல் மாதிரி, நிறைய வேணும். விட்டமின் மில்லிகிராம் கணக்குல, சிலது அதுலயும் ஆயிரத்துல ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்குல இருந்தாலே போதும், ஆனா அந்தத் துளி இல்லைன்னா விறகு சரியா எரியாது, செங்கல் ஒட்டாது. மொத்தம் 13 இருக்கு, ஏ, சி, டி, ஈ, கே அஞ்சும், பி குடும்பத்துல 8ம். பெரும்பாலும் சாப்பாட்டுல இருந்துதான் வரணும், டி மட்டும் வெயில் பட்டா தோல்லயே உண்டாகும். இரும்பு, கால்சியம், ஜிங்க் இதெல்லாம் விட்டமின் இல்ல, தாதுச்சத்து, ஆனா ஒரே பாட்டில்ல சேர்ந்து வர்றதால எல்லாத்தையும் விட்டமின்னே சொல்லிப் பழகிட்டோம். இதுல முக்கியமா ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். விட்டமின்ல பசி அடங்காது, எடை ஏறாது, அதுல கலோரியே கிடையாது. சாப்பாடு கம்மியா இருக்கிற புள்ளைக்கு டானிக் மட்டும் ஊத்தினா அடுப்புல விறகு இல்லாம தீக்குச்சியா கிழிச்சுட்டு இருக்கிற மாதிரிதான்.

இந்த விஷயம் கண்டுபிடிச்ச கதையில நம்ம அரிசியும் இருக்கு. 1890கள்ல ஜாவாவுல எய்க்மன்னு ஒரு டச்சு டாக்டர், நல்லா தீட்டின வெள்ளை அரிசி மட்டும் தின்ன கோழிங்க கால் தள்ளாடி விழறதையும் தவிட்டோட தின்னா தேறி நடக்கறதையும் பார்த்தார். தவிட்டுல இருந்த அந்தப் பொருள்தான் பி1. அது இல்லாம மனுஷங்களுக்கு வர்ற நோய் பெரிபெரி. விட்டமின்ங்கிற மாதிரி ஒரு பேரை 1912ல ஃபங்க்னு ஒருத்தர் வெச்சார். 1918ல நம்ம குன்னூர்லயே ஒரு சின்ன ரூம்ல பெரிபெரி ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி வளர்ந்து ஹைதராபாத் போய் இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. நம்ம வூட்டு புழுங்கல் அரிசி எதுக்கு ஒசத்தின்னா, நெல்லை உமியோட வேக வைக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 உள்ள அரிசிக்குள்ள இறங்கிடும், அப்புறம் தீட்டினாலும் முழுசா போகாது. ஆயாங்க வடிகஞ்சியை கீழ ஊத்தாம உப்பு போட்டு புள்ளைங்களுக்கு குடுத்தாங்களே, தண்ணியில கரைஞ்சு இறங்கின பி சத்து அதுலதான் இருக்கு.

ரேஷன் அரிசி பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். அதுல நடுநடுவுல கொஞ்சம் வேற நெறமா சில அரிசி தெரியும், தண்ணியில போட்டா சிலது மிதக்கும், பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டாங்கன்னு பொறுக்கி எறியறவங்களை எங்க தெருவுலயே பார்த்திருக்கேன். அது பிளாஸ்டிக் கிடையாது. அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செஞ்சு 100 கிலோவுக்கு 1 கிலோ கணக்குல கலந்தது அது. பொறுக்கி எறிஞ்சா சத்தை எறியறோம்னு அர்த்தம்.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன், இது ஒண்ணு புரிஞ்சா போதும் மத்ததெல்லாம் தானா புரியும். விட்டமின் ரெண்டு ஜாதி. தண்ணியில கரையறது ஒண்ணு, கொழுப்புல கரையறது ஒண்ணு. பி குடும்பமும் சியும் தண்ணி ஜாதி. நம்ம ஏரியாவுல லாரித் தண்ணி பிடிக்கறோம் இல்ல, குடம் நிறைஞ்சதுக்கு அப்புறமும் பைப்பு ஓடினா வழிஞ்சு சாக்கடைக்குத்தான் போகும், அந்த மாதிரி தேவைக்கு மேல குடுக்கறது பெரும்பாலும் ஒண்ணுக்குல போயிடும். பி காம்ப்ளெக்ஸ் குடிச்ச புள்ளைக்கு ஒண்ணுக்கு பளிச்சுன்னு மஞ்சளா போகுதுன்னு பயந்து ஓடி வருவாங்க, அது பி2, தேவைக்கு மேல இருந்தது வெளியே போகுது, பயப்பட வேணாம். அதுக்காக அளவு இல்லாம ஊத்தலாம்னு இல்ல, சி ரொம்ப அதிகமா போனா வயித்தால போகும்.

ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பு ஜாதி. இது வழிஞ்சு போகாது. பரண்ல சாமான் ஏத்தற மாதிரி, ஈரல்லயும் கொழுப்புலயும் ஏறி உக்காந்துக்கும், அதுலயும் ஏ, டி ரெண்டும் மாசக்கணக்கா இருக்கும். பரண்ல இருக்கிறது நல்லதுதான், இல்லாத காலத்துல எடுத்துக்கலாம். ஆனா ஏத்திக்கிட்டே இருந்தா ஒரு நாள் பரண் பலகை தாங்காது.

இந்தப் பரண் குணத்தை வெச்சுத்தான் அரசாங்கம் ஒரு நல்ல வேலை பண்ணுது. 9 மாசத்துல தட்டம்மை தடுப்பூசி போடும்போது நர்ஸம்மா விட்டமின் ஏ சொட்டு மருந்து 1 லட்சம் யூனிட் குடுப்பாங்க, அப்புறம் ஒன்றரை வயசு வாக்குல 2 லட்சம், அங்கிருந்து 6 மாசத்துக்கு ஒரு தடவை 5 வயசு வரைக்கும் 2 லட்சம். மொத்தம் 9 தடவை. லட்சம்னு கேட்டதும் பயந்து வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க, பயப்பட வேணாம், ஈரல் அதை பரண்ல வெச்சுக்கிட்டு 6 மாசத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும், மாலைக்கண் வராம இருக்கத்தான் 1970ல இருந்து இது நடக்குது. இதைக் குறிச்சுக் குடுக்கிற தடுப்பூசி கார்டை பத்திரமா வைங்க. ஆனா இதுக்கு மேல வூட்ல தினமும் மீன் ஈரல் எண்ணெயும் ஏ இருக்கிற மல்டிவிட்டமினும் சேர்ந்து ஓடுதுன்னா நர்ஸம்மாகிட்டயோ டாக்டர்கிட்டயோ அதைச் சொல்லியே ஆகணும். ஏ அதிகமானா தலைவலி, வாந்தி, நாளானா ஈரல்லயே பாதிப்பு. காய்கறியில இருந்து வர்ற ஏ மட்டும் இப்படி சேராது, கேரட்டு பூசணி பப்பாளி நிறைய தின்னா உள்ளங்கை மஞ்சளாகும், அவ்ளோதான், கண்ணு வெள்ளையா இருந்தா அது காமாலை இல்ல, குறைச்சா தானா சரியாயிடும்.

டி பத்தி சொல்லும்போது எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும். எண்ணூர்ல இருக்கிற என் சித்தியோட பேத்திக்கு 7 வயசு, கால் வலிக்குதுன்னு சொல்லி ரத்தம் பார்த்ததுல டி கம்மியா இருந்துச்சு, டாக்டர் 60,000 யூனிட் பாக்கெட் பவுடர், வாரத்துக்கு ஒண்ணு, 6 வாரத்துக்குன்னு எழுதினார். வாங்கின கடையில யாரும் எடுத்துச் சொல்லல, கவர் மேல எழுதியும் தரல. சித்திக்கு படிக்க வராது, பவுடர்னா பால்ல கலந்து தினமும் குடுக்கறதுன்னு நெனைச்சுட்டாங்க. 6 நாள்ல தீர்ந்துச்சு, அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினாங்க, அப்புறம் மறுபடியும். 18 நாள், 18 பாக்கெட், 10 லட்சத்து 80 ஆயிரம் யூனிட். புள்ளைக்கு மலச்சிக்கல், வாந்தி, எவ்ளோ தண்ணி குடிச்சாலும் தாகம், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு. எனக்கு போன் வந்தப்ப பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், பார்த்ததும் அப்பவே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடுங்கன்னேன். ரத்தத்துல கால்சியம் ஏகத்துக்கும் ஏறியிருந்துச்சு, டி அதிகமானா அதுதான் நடக்கும், கிட்னியைக் கெடுக்கும். அஞ்சு நாள் குளுக்கோஸ் ஏத்தினாங்க, புள்ள பொழைச்சுக்கிச்சு, ஆனா பரண்ல ஏறினது இறங்க மாசக்கணக்காச்சு. சித்தி இன்னி வரைக்கும் அதைச் சொல்லி அழுவாங்க. அவங்க மேல என்ன தப்பு.

அதே டில இன்னொரு குழி டிராப்ஸ். 1 எம்எல்லுக்கு 400 யூனிட்னு ஒரு பாட்டில் வருது, 800னு ஒரு பாட்டில் வருது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடையில ஸ்டாக் இல்லைன்னு மாத்திக் குடுத்தா அளவும் மாறிடும். கைக்குழந்தைக்கு முதல் வருஷம் தினமும் 400 யூனிட் குடுக்கச் சொல்வாங்க, தாய்ப்பால்ல எல்லாம் இருந்தாலும் டி மட்டும் ரொம்ப கம்மி, அதனால இந்த டிராப்ஸ் உண்மையிலேயே தேவையானதுதான், நிறுத்தாதீங்க. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளை மட்டும் பாருங்க, அதுலயே வர்ற டிராப்பரால மட்டும் அளங்க, பழைய பாட்டில் டிராப்பரைப் புது பாட்டிலுக்குப் போடாதீங்க.

வெயில் இவ்ளோ அடிக்கிற மெட்ராஸ்ல எப்படி டி கம்மியாகும்னு கேப்பாங்க. கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு பக்கம் சந்துக்குள்ள வூடு, எதிர் வூட்டுச் செவுரு மூஞ்சில இடிக்கும், வெயில் எங்க இறங்கும். புள்ளைங்க ஸ்கூல் வேன், டியூஷன், போன். காலையில ஆறு மணி இளவெயில்ல டி வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அந்த நேரத்துல டி உண்டாக்கற கதிர் பூமிக்கு வர்றது ரொம்ப கம்மி. வெயில் நல்லா மேல ஏறினப்புறம் தான் வரும், கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில்லயும் உண்டாகாது. லீவு நாள்ல பத்து பத்தரை மணி வாக்குல கை கால் தெரிய மொட்டை மாடியில கொஞ்ச நேரம் ஆடட்டும், தோல் செவக்கற வரைக்கும் விட வேணாம், தொப்பி போட்டு தண்ணி குடுத்து விடுங்க. நம்ம கருத்த தோலுக்கு வெள்ளைத் தோலை விட நேரம் கூட வேணும்.

சரி, தட்டுக்கு வருவோம். அந்தப் பொண்ணுகிட்ட நான் கேட்டது இதுதான், "காலையில எந்திரிச்சதுல இருந்து புள்ள இன்னா இன்னா சாப்டான், ஒண்ணு விடாம சொல்லு". எந்திரிச்சதும் டீ, அதுல பொறை தொட்டு ரெண்டு. ஒன்பது மணிக்கு ஒரு பாட்டில் பால். பதினொரு மணிக்கு அழுதான்னு கடையில அஞ்சு ரூபா சிப்ஸ். மதியம் ரெண்டு வாய் ரச சோறு. தூங்கி எந்திரிச்சு ஒரு பாட்டில் பால். சாயங்காலம் டீ பிஸ்கட். ராத்திரி இட்லி அரை, அப்புறம் படுக்கும்போது பால். அந்தக் கணக்கைச் சொல்லிட்டு வரும்போதே அவங்களுக்கே புரிஞ்சுடுச்சு. வயிறு முழுக்க பாலும் டீயும், சோத்துக்கு எடம் எங்க இருக்கு. பால் நல்லதுதான், ஆனா ஒரு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போனா மத்த சாப்பாடு குறையும், பால்ல இரும்புச்சத்து ரொம்ப கம்மிங்கறதால ரத்தசோகையும் வரலாம். டீயைப் பத்தி தனியா சொல்லணும், டீயில இருக்கிற டானின் சாப்பாட்டு இரும்பைப் புடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. எங்க பக்கம் டீயும் பொறையும் இல்லாம புள்ளைங்களுக்கு பொழுதே விடியாது, எனக்கும் அப்படித்தான் விடிஞ்சுது, ஆனா அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற புள்ளைக்கு டீ வேணவே வேணாம்.

ஒரு நாள் சாப்பாட்டை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு வாரத்தை எழுதிப் பாருங்க. வாரத்துல மீனோ முட்டையோ கறியோ எத்தனை நாள், கீரை எத்தனை நாள், மஞ்சளோ செவப்போ இருக்கிற காய், பழம் எத்தனை நாள், பருப்பு எத்தனை நாள். எங்க வெறுமையா இருக்கோ அங்கதான் ஓட்டை. டானிக் அந்த ஓட்டையை அடைக்கிறதுக்குத்தான், ஓட்டை எதுன்னு தெரியாம அடைக்க முடியாது.

நம்ம ஊர்ல கடலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மீன் எண்ணெயைப் பாட்டில்ல வாங்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கத்தான் காசு வேணும், மத்தி, கானாங்கத்த, நெத்திலி எல்லாம் அந்த வெலை இல்ல, சத்துல மத்தியும் கானாங்கத்தையும் வஞ்சிரத்துக்குக் கொறைஞ்சது கிடையாது, அந்தக் கொழுப்பு மீன்லதான் டியும் பி12ம் இருக்கு. நெத்திலியை முள்ளோட சாப்பிட்டா கால்சியமும் சேரும், சின்னப் புள்ளைக்கு நல்லா வேக வெச்சு கையால நசுக்கிப் பார்த்துக் குடுங்க. ஈரல், சுவரொட்டி, மாட்டுக்கறி இதுலெல்லாம் உடம்பு சுளுவா எடுத்துக்கிற இரும்பு இருக்கு, ஈரல்ல ஏ ரொம்ப அதிகங்கறதால வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு துண்டு போதும். ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்தற கேவுரு கூழை நெனைச்சுப் பாருங்க, 100 கிராம் கேழ்வரகுல 350 மில்லிகிராம் வாக்குல கால்சியம், அதே 100 எம்எல் பால்ல 120 தான், ராத்திரியே கரைச்சு புளிக்க வைக்கிறதால அந்த சத்து நல்லா சேரும், தொட்டுக்க முருங்கக்கீரை. ஆடியில மட்டும் ஏன், வாரத்துல ரெண்டு நாள் ஊத்தலாமே.

மீன் முட்டை சாப்பிடாத வூடுங்களும் நம்ம பக்கம் நிறைய இருக்கு, சௌகார்பேட்டையில இருந்து வர்றவங்க கேப்பாங்க. அவங்களுக்கு பாலும் தயிரும்தான் பி12, செடியில அது கிடையாது. பாலும் குடிக்காத சைவப் புள்ளைக்கு பி12 மருந்தா குடுத்தே ஆகணும், இதுல யோசனையே வேணாம். பழைய சோத்துல வந்துடும்னு நம்பி இருந்துடாதீங்க, பழைய சோறு வயித்துக்கு நல்லது, அது வேற கணக்கு.

சமைக்கிறதுல ரெண்டே ரெண்டு. சி சூட்டுல அழியும், தண்ணியில கரைஞ்சு போயிடும், அதனால காயைக் கழுவிட்டு நறுக்குங்க, நறுக்கிட்டு கழுவாதீங்க. ஒரு சின்ன கொய்யா போதும், புள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சிக்கு மேலயே இருக்கும், ஆரஞ்சுல இருக்கிறதை விட கொய்யால சி அதிகம், வெலையும் கம்மி. கீரை, பருப்புல இருக்கிற இரும்பு லேசுல சேராது, அதே வாய்ல எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு பிழிஞ்சாலோ, சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்கா குடுத்தாலோ நல்லா சேரும். கேரட்டு, கீரையில இருக்கிற ஏ சத்து சேர எண்ணெய் வேணும், ஒரு கரண்டி எண்ணெய்ல வதக்கித்தான் குடுக்கணும், வெறுமனே வேக வெச்சா சரியா சேராது.

இரும்பு விட்டமின் இல்லைன்னாலும் அதைச் சொல்லாம விட முடியாது. நம்ம புள்ளைங்களுக்கு இருக்கிற பெரிய ஓட்டை இதுதான். ஆயா ஒருத்தங்க என்கிட்ட வந்து "என் பேரன் பல்பம் துன்றான்மா, அடிச்சாலும் விட மாட்டேங்கறான்"னு சொன்னாங்க. பையனைப் பார்த்தேன், ஒதட்டோரமா வெள்ளைப் பொடி, டவுசர் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டா துண்டு துண்டா பல்பம். கீழ் இமையை லேசா இறக்கிப் பார்த்தா செவப்பே இல்ல, வெளுத்துக் கெடக்கு. பல்பம், செவுத்துச் சுண்ணாம்பு, மண்ணு, பச்சரிசி இதெல்லாம் தின்ற புள்ளையை அடிக்காதீங்க, பெரும்பாலும் அது ரத்தசோகை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி அனுப்பினேன், 7 புள்ளி சொச்சம்தான் இருந்துச்சு, ரொம்ப கம்மி. டாக்டர் பூச்சி மாத்திரையும் இரும்பு சிரப்பும் எழுதினார், மூணு மாசத்துல பல்பம் தானா நின்னுச்சு. வயித்துல பூச்சி இருந்தா என்ன ஊத்தினாலும் அதுக்குத்தான் போகும், அதனால அங்கன்வாடியிலயும் ஸ்கூல்லயும் வருஷத்துக்கு ரெண்டு தடவை குடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தட்டாதீங்க.

கணக்குப் போடும்போது அரசாங்கம் குடுக்கறதையும் சேர்த்துக்கணும். 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் இரும்பு சிரப் வாரத்துக்கு ரெண்டு தடவை 1 எம்எல், 5ல இருந்து 9 வயசு வரைக்கும் வாரம் ஒரு ரோஸ் கலர் மாத்திரை, 10க்கு மேல வாரம் ஒரு நீலக் கலர் மாத்திரை. அங்கன்வாடி சத்துமாவு, சத்துணவு முட்டை எல்லாம் தட்டுல சேர்ந்த கணக்குதான், சத்துமாவை மாட்டுக்குப் போடற வூடுங்க இருக்கு, தயவு செஞ்சு போடாதீங்க. இரும்பு சிரப் குடிச்சா மலம் கருப்பா போகும், அது சகஜம். பால், டீயோட குடுக்காதீங்க, எலுமிச்சம்பழ ஜூஸோட குடுங்க, பல்லுல கறை படியாம நாக்குக்குப் பின்னாடி ஊத்தி வாயைக் கொப்பளிக்க வைங்க.

ஆனா இந்த இரும்பு மாத்திரையே அளவு மீறினா உயிரை எடுக்கும். 2023 மார்ச்ல ஊட்டியில ஸ்கூல்ல குடுத்த மாத்திரையை புள்ளைங்க போட்டி போட்டுத் தின்னதுல 13 வயசுப் பொண்ணு ஒண்ணு இறந்தே போச்சு. கர்ப்பமா இருக்கிற அம்மாக்குக் குடுக்கிற இரும்பு மாத்திரை செவப்பா பளபளன்னு மிட்டாய் மாதிரியே இருக்கும், அதை டிவி ஸ்டாண்டுல போட்டு வைக்காதீங்க. புள்ள தெரியாம நாலஞ்சு முழுங்கிடுச்சுன்னா வாந்தி வரட்டும், பார்த்துக்கலாம்னு உக்காராம உடனே ஆஸ்பத்திரி, காலி அட்டையைக் கையில எடுத்துட்டுப் போங்க. கம்மீஸ்னு (gummies) விக்கிற மெல்லற விட்டமினும் அதே கதைதான், ஜெல்லி மிட்டாய் ருசியில கரடி பொம்மை உருவத்துல வருது, புள்ள டப்பாவையே காலி பண்ணும். மருந்தை மிட்டாய்னு சொல்லிக் குடுத்துப் பழக்கவே கூடாது.

பசிக்கு சிரப் கேக்கறவங்களுக்கு ஒண்ணு. அந்த மாதிரி சிரப்புல பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின்னு ஒரு மருந்து இருக்கும், அது விட்டமின் இல்ல, சளி அலர்ஜிக்குக் குடுக்கிற குடும்பத்து மருந்து, பசியைத் தூண்டும், கூடவே தூக்கமும் வரும். டாக்டர் பார்த்துக் குடுக்கலாம், நாமா வாங்கக் கூடாது, நானும் சீட்டு இல்லாம குடுக்கறதில்ல. பால்ல கலக்கற பவுடருங்களைப் பொறுத்தவரைக்கும், பின்னாடி திருப்பி சர்க்கரை எவ்ளோன்னு பாருங்க, நிறைய டப்பால அதுதான் முக்கியச் சரக்கு. 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைங்களுக்கு, இந்த மாதிரி பானங்களை ஹெல்த் டிரிங்க்ங்கிற பேர்ல விக்காதீங்கன்னு சொல்லுச்சு, சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது.

அப்போ யாருக்குத்தான் டானிக் வேணும்னா, மேல சொன்ன கைக்குழந்தைக்கு டி. குறை மாசத்துல, எடை கம்மியா பொறந்த புள்ளைக்கு டாக்டர் சொல்ற இரும்பு. பாலும் குடிக்காத சைவப் புள்ளைக்கு பி12. ரத்தத்துல பார்த்து கம்மின்னு தெரிஞ்ச புள்ளைக்கு அந்தக் குறிப்பிட்ட சத்து. வயித்தால போகும்போது உப்பு சர்க்கரை கரைசலோட 14 நாள் ஜிங்க், இதை நின்னதும் பாதியில விட்டுடாதீங்க. வலிப்பு மாத்திரை மாதிரி வருஷக்கணக்கா மருந்து சாப்பிடற புள்ளைங்களுக்கு டாக்டர் தனியா சொல்வார். மத்தபடி ஆடி ஓடி, வளர்ச்சிக் கார்டுல கோடு மேல போயிட்டிருக்கிற புள்ள ஒல்லியா இருக்குங்கிறதுக்காக டானிக் வேணாம்.

லேபிளைப் பார்க்கிறது பெரிய வித்தை இல்ல. எந்த விட்டமின், எத்தனை எம்எல்லுக்கு எவ்ளோ, அதை மட்டும் பாருங்க. வூட்ல இருக்கிற எல்லா பாட்டிலையும் வரிசையா வெச்சு ஏ எவ்ளோ, டி எவ்ளோ, இரும்பு எவ்ளோன்னு கூட்டுங்க. அளக்கறதுக்கு அதோட வர்ற மூடியை எடுங்க, சமையல் ஸ்பூன் ஒண்ணொண்ணு ஒரு அளவு இருக்கும். திறந்த தேதியை பாட்டில்ல எழுதுங்க. கணக்குப் போடத் தெரியலைன்னா எல்லாத்தையும் பையில போட்டு டாக்டர்கிட்டயோ கடையில பார்மசிஸ்ட்கிட்டயோ கொண்டு போங்க, கேக்கறதுக்குக் கூச்சமே வேணாம், இது எங்க வேலை.

அந்தப் பொண்ணுகிட்ட அன்னிக்கு நான் எதுவும் விக்கல. நாலு பாட்டிலையும் கணக்கு எழுதின பேப்பரையும் எடுத்துட்டு மறுநாள் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், டீயை நிறுத்தி, பாலை ரெண்டு டம்ளரா குறைச்சு, மதிய சோத்துக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் எதுவும் குடுக்காம பார்க்கச் சொன்னேன். நேத்து வந்தாங்க. டாக்டர் எல்லாத்தையும் நிறுத்திட்டாராம். "நெத்திலி வறுத்தேங்கா, எலும்போட ரெண்டு கை துன்னுட்டான்"னு சொல்லும்போது பையன் கவுண்டர் மேல இருந்த பேனாவை இழுத்துட்டு இருந்தான்.

சித்தி பேத்தி விஷயத்துக்கு அப்புறம் நான் கடையில ஒரு கருப்பு மார்க்கர் எப்பவும் வெச்சிருக்கேன். டி3 பாக்கெட் யார் வாங்கினாலும், டாக்டர் சீட்டுல வாரம் ஒண்ணுன்னு இருந்தா, ஒவ்வொரு பாக்கெட் மேலயும் பெருசா ஒரு சூரியன் படம் வரைஞ்சு கீழ "ஞாயிறு மட்டும்"னு எழுதித்தான் குடுப்பேன். படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் படம் தெரியும்.